‘ஆல்ரெடி ஐ சென்ட்’ என்று தொடங்குகிறவர்களுக்கு: ஆங்கில வாக்கியத்தில் வினையடைக்கு எங்கே இடம்? முழுமையான வழிகாட்டி

திருப்பூரில் என் மாலை வகுப்புக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் மெர்ச்சண்டைசர்கள், அதாவது ஆர்டர்களைக் கவனிப்பவர்கள். மீதிப் பேர் செக்கிங், பேக்கிங், ஆஃபீஸ் அக்கவுண்ட்ஸ். பையருக்கு, அதாவது சரக்கு வாங்குகிறவருக்கு, மெயில் போடுவார்கள், வீடியோ காலில் பேசுவார்கள். எழுவாய் சரியாக இருக்கும், காலம் சரியாக இருக்கும். ஏற்கனவே, இன்னும், எப்பவும், இப்பத்தான், கூட, மட்டும் என்கிற பொடிச் சொற்கள், அதாவது வினையடைகள் (ஆட்வெர்ப்), வரும்போதுதான் வாக்கியம் தடுக்கி விழும்.

“ஆல்ரெடி ஐ சென்ட் தி சேம்பிள் சார்.” “டெய்லி ஐ ஆம் கோயிங் பை பஸ்.” “யெஸ்டர்டே ஒன்லி ஐ காட் தி மெயில்.” மூன்றும் தமிழில் யோசித்து, வரிசை மாறாமல் அப்படியே இறக்கி வைத்தவை. அர்த்தம் புரியும். ஆனால் தினமும் பத்து முறை பேசினால் பத்து முறையும் கேட்பவர் ஒரு கணம் நின்று அடுக்கிப் பார்க்க வேண்டியிருக்கும்.

இதற்கு வினையடைகளின் அர்த்தத்தைப் பட்டியலாக மனப்பாடம் செய்வதில்தான் எல்லோரும் தொடங்குகிறார்கள். அது தலைகீழ் வரிசை. முதலில் இடத்தைக் கண்டுபிடிக்கக் கற்க வேண்டும். சொல்லை அதில் உட்கார வைப்பது பிறகு தானாக வரும்.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

இருபது ஹெல்பிங் வெர்ப், அதாவது முக்கிய வினைக்கு உதவியாக வரும் துணைவினைகள். ஆம், இஸ், ஆர், வாஸ், வேர். ஹேவ், ஹேஸ், ஹேட். டூ, டஸ், டிட். வில், வுட், கேன், குட், ஷல், ஷுட், மே, மைட், மஸ்ட். இவை தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும். பீன், பீயிங் இரண்டும் பட்டியலில் இல்லை, ஏனென்றால் அவை ஹெல்பிங் வெர்ப் வரிசையில் முதலாவதாக நிற்பதில்லை. நமக்கு முதலாவது மட்டும்தான் முக்கியம்.

நீங்கள் அனுப்பிய பத்து மெயில் அல்லது வாட்ஸ்அப் செய்தி. புத்தக உதாரணம் வேண்டாம். உங்கள் தவறு எதுவென்று உங்கள் மெயிலுக்குத்தான் தெரியும்.

ஒலிப்பதிவு செய்ய ஒரு போன். இது கண்ணால் கற்கும் பாடம் அல்ல. அதனால்தான் ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கீழே வாருங்கள்.

## 1. முதல் ஹெல்பிங் வெர்பைத் தொட்டுக் காட்டுங்கள்

வகுப்பில் முதல் நாள் இதை மட்டும்தான் செய்வோம். வாக்கியத்தைச் சொல்லுங்கள், எழுவாய்க்கு அடுத்து வரும் முதல் ஹெல்பிங் வெர்பின்மேல் விரலை வையுங்கள்.

“தி கூட்ஸ் ஆர் இன் தூத்துக்குடி.”
“ஷி ஹேஸ் ஃபினிஷ்டு தி செக்கிங்.”
“வி வில் நீட் டூ மோர் டேஸ்.”
“ஐ டிரிங்க் காஃபி.” இதில் எதுவும் இல்லை. இல்லை என்று தெரிவதும் ஒரு விடைதான்.

ஏன் இதில் தொடங்குகிறோம் என்றால், நாம் தேடும் இடம் எழுவாயை வைத்தோ முக்கிய வினையை வைத்தோ அளக்கப்படுவதில்லை. முதல் ஹெல்பிங் வெர்புக்கு அடுத்த நாற்காலிதான் அது. அளவுகோலைப் பிடிக்காமல் அளக்க முடியாது.

இங்கேயே ஒரு பள்ளம் இருக்கிறது. ஹேவ், டூ இரண்டும் சில நேரம் உதவியாளர், சில நேரம் அவையே முதலாளி. “ஐ ஹேவ் டீ அட் சிக்ஸ்” என்பதில் ஹேவ் என்றால் குடிப்பது. அங்கே அது முக்கிய வினை, ஹெல்பிங் வெர்ப் இல்லை. அதனால் “ஐ ஆல்வேஸ் ஹேவ் டீ அட் சிக்ஸ்” என்பதுதான் சரி, “ஐ ஹேவ் ஆல்வேஸ் டீ” தவறு. பின்னால் இன்னொரு வினை வருகிறதா என்று பாருங்கள். வந்தால் உதவியாளர், வராவிட்டால் முதலாளி.

ஆம், இஸ், ஆர், வாஸ், வேர் மட்டும் விதிவிலக்கு. பின்னால் வினை வந்தாலும் வராவிட்டாலும் ஹெல்பிங் வெர்பாகவே நடந்துகொள்ளும்.

## 2. ‘நாட்’ போட்டுப் பாருங்கள்

இந்த ஒரு சோதனைக்காகவே இதை எழுத உட்கார்ந்தேன். “இல்லை” என்று சொல்வதற்கான ‘நாட்’டை யாரும் தப்பான இடத்தில் போடுவதில்லை. ஐந்தாம் வகுப்பிலிருந்து பழகிய சொல் அது. அதையே வழிகாட்டியாக வைத்துக்கொள்ளலாம். நாட் எங்கே உட்காருமோ, அங்கேதான் ஆல்வேஸும் ஆல்ரெடியும் உட்காரும்.

“ஹி இஸ் நாட் லேட்.” → “ஹி இஸ் ஆல்வேஸ் லேட்.”
“ஷி ஹேஸ் நாட் லெஃப்ட்.” → “ஷி ஹேஸ் ஆல்ரெடி லெஃப்ட்.”
“தே வில் நாட் அக்ரீ.” → “தே வில் ப்ராபப்லி அக்ரீ.”

ஹெல்பிங் வெர்ப் இல்லாத வாக்கியத்தில் நாட் தனியாக வராது, டூ, டஸ், டிட் மூன்றில் ஒன்றைக் கூட்டிக்கொண்டு வரும். “ஐ டூ நாட் டிரிங்க் காஃபி.” அந்த டூவைக் கழற்றிவிட்டு நாட் இருந்த இடத்தில் சொல்லை வையுங்கள்: “ஐ நெவர் டிரிங்க் காஃபி.”

ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, “ஏனுங்க சார், இவ்ளோதானுங்களா? இதையே ஸ்கூல்ல சொல்லியிருந்தா ஆயிருக்குமில்லீங்க?” என்றார். இவ்வளவுதான் இல்லை. ஆனால் பெரும்பாதி இதிலேயே முடிந்துவிடும்.

## 3. யாருக்கு இந்த நாற்காலி, யாருக்கு இல்லை

எல்லா வினையடையும் இங்கே உட்காராது. இதைப் பிரிக்காமல் விதியை மட்டும் எடுத்துக்கொண்டு போனவர்கள் “ஐ யெஸ்டர்டே கேம்” என்று சொல்லத் தொடங்கினார்கள்.

உட்காருபவை: ஆல்வேஸ், யூஷுவலி, ஆஃபன், சம்டைம்ஸ், நெவர், எவர். ஆல்ரெடி, ஜஸ்ட், ஸ்டில். ப்ராபப்லி, டெஃபினிட்லி. ஆல்ஸோ, ஒன்லி, ஈவன். ரியலி, ஆல்மோஸ்ட், ஹார்ட்லி.

உட்காராதவை: நேரம் சொல்பவை (யெஸ்டர்டே, டுமாரோ, எவ்ரி டே, ஒன்ஸ் எ வீக்), இடம் சொல்பவை (ஹியர், தேர், இன் ஈரோடு), அப்புறம் யெட், ‘உம்’ என்ற பொருளில் வரும் டூ, ஆஸ் வெல். இவற்றின் இடம் வாக்கியத்தின் கடைசி. வெல், ஃபாஸ்ட், ஹார்ட், ஏர்லி, லேட் ஆகியவையும் அப்படித்தான்.

‘ஹார்ட்’டையும் ‘ஹார்ட்லி’யையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஹார்ட் என்றால் கடுமையாக, ஹார்ட்லி என்றால் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஷிப்மென்ட் தாமதமான நேரத்தில் பையரைச் சமாதானப்படுத்த என் மாணவர் ஒருவர் எழுதினார்: “வி ஆர் ஹார்ட்லி வொர்க்கிங் ஆன் யுவர் ஆர்டர்.” உங்கள் ஆர்டரில் நாங்கள் வேலையே செய்வதில்லை என்று பொருள். எழுத வேண்டியது “வி ஆர் வொர்க்கிங் ஹார்ட் ஆன் யுவர் ஆர்டர்.” நல்லவேளை, அனுப்பும் முன் மேலே ஒருவர் பார்த்துவிட்டார்.

டெய்லி பற்றி ஒரு வரி. “டெய்லி ஐ கோ பை பஸ்” என்று தொடங்குவது நம் ஊர் வழக்கம். “ஐ கோ பை பஸ் எவ்ரி டே” என்று கடைசியில் தள்ளுங்கள், முடிந்தது.

## 4. ஒட்டிக் குறுகிய ஹெல்பிங் வெர்பைக் காதால் பிடியுங்கள்

புதிதாக வருகிறவர்கள் அதிகம் சறுக்கும் படி இது. ஆங்கிலம் பேசுகிறவர்கள் “ஐ ஹேவ் ஆல்ரெடி சென்ட் இட்” என்று நிறுத்தி நிதானமாகச் சொல்வது அபூர்வம். “ஐவ் ஆல்ரெடி சென்ட் இட்” என்பார்கள். அந்த ‘வ்’ நம் காதில் விழாது. நாம் கேட்பது “ஐ ஆல்ரெடி சென்ட் இட்.” அப்புறம் எழுதும்போது ஹேவ் எங்கே போடுவது என்று தெரியாமல், “ஐ ஆல்ரெடி ஹேவ் சென்ட்” என்று ஒட்டுப்போடுகிறோம்.

குறுகிய வடிவங்கள் இவை:

ஐ ஆம் → ஐம். ஹி இஸ், ஹி ஹேஸ் → இரண்டும் ஹீஸ். வி ஹேவ் → வீவ். வி வில் → வீல், சக்கரம் மாதிரியே கேட்கும். ஷி வுட், ஷி ஹேட் → இரண்டும் ஷீட்.

இப்போது வினையடையோடு சொல்லிப் பாருங்கள்:

“ஹீஸ் ஆல்வேஸ் பிஸி.”
“ஹீஸ் ஜஸ்ட் லெஃப்ட்.”
“வீவ் நெவர் யூஸ்டு திஸ் ஃபேப்ரிக்.”
“வீல் ப்ராபப்லி ஷிப் இட் ஆன் ஃப்ரைடே.”

முதல் வாக்கியத்தில் ‘ஸ்’ என்பது இஸ், இரண்டாவதில் ஹேஸ். எது என்று குழம்பத் தேவையில்லை, எதுவானாலும் வினையடை அதற்குப் பின்னால்தான். இந்தப் படியை நான் முன்கூட்டியே வைத்திருப்பதற்குக் காரணம், இதைக் கடக்காவிட்டால் காதால் கேட்பதும் விதியும் ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும். அப்புறம் விதியின்மேல் நம்பிக்கை போய்விடும்.

அமெரிக்கப் பையரோடு பேசுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். அவர்கள் ஹேவ் இல்லாமலே “ஐ ஆல்ரெடி சென்ட் இட்”, “ஐ ஜஸ்ட் ஸா இட்” என்று சாதாரணமாகச் சொல்வார்கள். பிரிட்டனில் “ஐவ் ஆல்ரெடி சென்ட் இட்” என்பதே வழக்கம். இரண்டிலும் ஆல்ரெடி முன்னால் ஓடி வந்து எழுவாய்க்கு முன் நிற்கவில்லை என்பதைப் பாருங்கள்.

## 5. இரண்டு மூன்று ஹெல்பிங் வெர்ப் வரிசையாக வந்தால்

முதலாவதற்குப் பின்னால். அவ்வளவுதான்.

“தி ஆர்டர் ஹேஸ் ஆல்ரெடி பீன் ஷிப்டு.”
“தி கலர் வில் ப்ராபப்லி பீ அப்ரூவ்டு டுமாரோ.”

ஆனால் ‘எப்படி’ என்று சொல்லும் சொல் (சரியாக, மோசமாக) இந்த வரிசையில் வந்தால், அது கடைசி வினையை ஒட்டி நிற்கும். “தி கார்ட்டன்ஸ் ஹேவ் பீன் பேட்லி டேமேஜ்டு.” இரண்டும் சேர்ந்து வந்தால் ஆளுக்கொரு இடம்: “தி பீசஸ் ஹேவ் ஆல்ரெடி பீன் ப்ராப்பர்லி பேக்டு.” ஆல்ரெடி முழுச் செய்தியையும் பற்றிப் பேசுகிறது, ப்ராப்பர்லி பேக் பண்ணிய விதத்தை மட்டும் பற்றிப் பேசுகிறது. எதைப் பற்றிப் பேசுகிறதோ அதன் அருகில்.

## 6. ஹேவ் டு, யூஸ்டு டு

“ஐ ஹேவ் டு கால் ஹிம்” என்பதில் ஹேவைப் பார்த்ததும் விரலை வைத்துவிடாதீர்கள். ஹேவ் டு என்பது ஒரே துண்டு, அதைப் பிளக்கக் கூடாது. நாட் சோதனையைப் போட்டால் தெரிந்துவிடும்: “ஐ டூ நாட் ஹேவ் டு கால்.” நாட் முன்னால்தான் வருகிறது. ஆகவே “ஐ ஆல்வேஸ் ஹேவ் டு கால் ஹிம் ட்வைஸ்.”

யூஸ்டு டுவும் அதே மாதிரி: “வி ஆல்வேஸ் யூஸ்டு டு பை யார்ன் ஃப்ரம் கோயம்புத்தூர்.” ‘கோயிங் டு’வில் முன்னால் ஆம், ஆர் இருப்பதால் பழைய விதியே போதும்: “ஐம் ஜஸ்ட் கோயிங் டு செக்.”

## 7. கேள்வியும் மறுப்பும்

கேள்வியில் ஹெல்பிங் வெர்ப் முன்னால் குதித்துவிடும், வினையடை அதோடு குதிக்காது. எழுவாய்க்குப் பின்னாலேயே இருக்கும்.

“டூ யூ யூஷுவலி ஸ்டார்ட் அட் நைன்?”
“ஹேவ் யூ எவர் பீன் டு ஊட்டி?”

எவர் என்பது பெரும்பாலும் கேள்விக்கும் மறுப்புக்கும் உரிய சொல். “எஸ், ஐ எவர் வென்ட்” என்று பதில் சொல்லக் கூடாது. “எஸ், ஐவ் பீன் தேர் ட்வைஸ்” போதும்.

மறுப்பில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் நாற்காலியில் ஏற்கனவே நாட் உட்கார்ந்திருக்கிறது. புதிதாக வருபவர் அதற்கு முன்னா, பின்னா?

ஆல்வேஸ், ஆஃபன், ஈவன் பின்னால்: “ஹி டஸின்ட் ஆல்வேஸ் ரிப்ளை.” எப்போதும் பதில் போடுவதில்லை, சில நேரம் போடுவார் என்று பொருள். “எப்பவுமே பதில் போட மாட்டார்” என்று சொல்ல நினைத்து “ஹி ஆல்வேஸ் டஸின்ட் ரிப்ளை” என்பவர்கள் நிறைய. அதற்கு நெவர் இருக்கிறது: “ஹி நெவர் ரிப்ளைஸ்.”

ப்ராபப்லி, ஸ்டில், சம்டைம்ஸ் முன்னால்: “தே ப்ராபப்லி வோன்ட் அக்ரீ.” “தி லேப் டிப் ஸ்டில் ஹேஸின்ட் கம்.” (லேப் டிப் என்பது கலர் பார்க்கச் சாயமேற்றிய மாதிரித் துணி.)

ரியலி இரண்டு பக்கமும் போகும், அர்த்தம் மாறும். “ஐ டோன்ட் ரியலி லைக் இட்” என்றால் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. “ஐ ரியலி டோன்ட் லைக் இட்” என்றால் சுத்தமாகப் பிடிக்கவில்லை. பையர் கலரைப் பற்றி இதில் எதைச் சொன்னார் என்று சரியாகக் காதில் வாங்காவிட்டால் டையிங்கில் ஒரு லாட்டே வீணாகும்.

‘இன்னும்’ என்ற தமிழ்ச் சொல் ஒன்றே மூன்று வேலை பார்ப்பதால் இங்கே குழப்பம் கூடுகிறது. இன்னும் வரவில்லை: “இட் ஸ்டில் ஹேஸின்ட் கம்” அல்லது “இட் ஹேஸின்ட் கம் யெட்.” இன்னும் நடக்கிறது: “இட்ஸ் ஸ்டில் கோயிங் ஆன்.” இன்னும் இரண்டு நாள்: “டூ மோர் டேஸ்.” யெட் கடைசியில், ஸ்டில் நடுவில், மோர் எண்ணுக்குப் பக்கத்தில்.

## 8. தான், உம், கூட, மட்டும்: மிக நிதானமாகச் செல்ல வேண்டிய படி

இவற்றைத் தமிழில் எந்தச் சொல்லை அழுத்த வேண்டுமோ அதன் வாலில் ஒட்டுவோம். நேத்துத்தான். அவனும். போன்கூட. நம் கொங்கு நாட்டு ‘ங்க’வும் அப்படித்தான், சொன்னனுங்க, நேத்துங்க, இல்லீங்க என்று வாலைப் பிடித்துக்கொள்ளும். சொல்லின் பின்னால் ஒட்டுவது நமக்கு மூச்சு விடுவது மாதிரி. ஆகவே ‘ஒன்லி’யையும் வாலில் ஒட்டுகிறோம்: “யெஸ்டர்டே ஒன்லி”, “தேர் ஒன்லி”, “தென் ஒன்லி.”

அன்றாட ஆங்கிலம் அப்படி ஒட்டுவதில்லை. சொல்லை அதே நடு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, எதை அழுத்த வேண்டுமோ அதைக் குரலால் அழுத்தும். இதைப் புரிந்துகொள்ளாமல் இடத்தை மட்டும் மாற்றினால் பாதிக் கிணறுதான்.

தான். “நேத்துத்தான் மெயில் வந்துது.” → “ஐ ஒன்லி காட் தி மெயில் *யெஸ்டர்டே*.” குரல் யெஸ்டர்டேயில் ஏற வேண்டும். “இப்பத்தான் அனுப்பினேன்” என்றால் ஒன்லி வேண்டாம், ஜஸ்ட்: “ஐவ் ஜஸ்ட் சென்ட் இட்.”

ஆனால் எழுவாயில் ஒட்டிய ‘தான்’ வேறு கதை. “நான்தான் அனுப்பினேன்” என்பதை “ஐ ஒன்லி சென்ட் இட்” என்று சொன்னால், நான் அனுப்ப மட்டும் செய்தேன், வேறெதுவும் செய்யவில்லை என்று ஆகிவிடும். யார் செய்தது என்ற பொறுப்பைச் சொல்ல வந்து, பொறுப்பைத் தட்டிக்கழித்த மாதிரி முடியும். “ஐம் தி ஒன் ஹூ சென்ட் இட்” என்று சொல்லுங்கள். அவசரத்துக்கு “*ஐ* சென்ட் இட்” என்று ஐயை அழுத்தினாலே போதும்.

மட்டும். பேச்சில் “வி ஒன்லி ஷிப்டு ஃபைவ் ஹண்ட்ரட் பீசஸ்” என்பது இயல்பு. மெயிலில் குரல் கேட்காது. எண்ணிக்கை, தொகை, தேதி சம்பந்தப்பட்ட மெயிலில் ஒன்லியை எண்ணுக்குப் பக்கத்தில் நகர்த்துங்கள்: “வி ஷிப்டு ஒன்லி ஃபைவ் ஹண்ட்ரட் பீசஸ்.” பேச்சுக்கு ஒரு இடம், எழுத்துக்கு ஒரு இடம் என்று வைத்துக்கொண்டால் தகராறு இல்லை.

உம். “டீ ஷர்ட்டும் பண்றோம்.” → “வி ஆல்ஸோ மேக் டீ ஷர்ட்ஸ்.” “நானும் வர்றேன்” என்பதற்கு “ஐ ஆல்ஸோ கமிங்” என்று ஹெல்பிங் வெர்பையே விழுங்கிவிடுகிறோம். ஆள் சேர்கிறார் என்றால் ஆல்ஸோவை விட்டுவிட்டு டூவைக் கடைசியில் போடுங்கள்: “ஐம் கமிங் டூ.”

கூட. “போன்கூடப் பண்ணலை.” → “ஹி டிடின்ட் ஈவன் கால்.” வழக்கமான இடம். “ஓனர்கூட வரலை” என்று எழுவாயில் ஒட்டினால், ஈவன் எழுவாய்க்கு முன்னால் போகும்: “ஈவன் தி ஓனர் டிடின்ட் கம்.” இரண்டையும் கலக்கக் கூடாது. “ஹி ஈவன் டிடின்ட் கால்” என்பது நம் ஆட்களின் வாயில் சாதாரணமாக வருவது. நாட்டுக்குப் பின்னால் தள்ளுங்கள்.

ஏ. “இன்னைக்கே அனுப்பிடறேன்” என்பதில் உள்ள ஏகாரத்துக்கு நாம் கண்டுபிடித்த மருந்து ‘டுடே இட்செல்ஃப்.’ நம் நாட்டுக்குள் ஓடும். வெளிநாட்டுக்காரரிடம் “ஐல் செண்ட் இட் *டுடே*” என்று அழுத்திச் சொன்னாலே அந்த ஏகாரம் போய்ச் சேர்ந்துவிடும்.

இந்தப் படிக்கு மட்டும் நான்கு நாள் ஒதுக்குகிறேன். மற்றப் படிகளைப் புரிந்துகொண்டால் போதும், இது வாயில் ஊற வேண்டியது.

## 9. வினைக்கும் பொருளுக்கும் நடுவில் நுழையாதீர்கள்

“ஐ செக்டு கேர்ஃபுலி தி கூட்ஸ்.” “ஐ லைக் வெரி மச் திஸ் கலர்.” இரண்டும் தவறு.

தமிழில் “சரக்கைக் கவனமாகப் பார்த்தேன்”, “கவனமாகச் சரக்கைப் பார்த்தேன்” இரண்டும் சரி. ‘சரக்கை’ என்பதில் உள்ள ஐ உருபே இதுதான் செயப்படுபொருள் என்று காட்டிவிடுகிறது, எங்கே நின்றாலும் தொலையாது. ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு அந்த உருபு இல்லை. வினைக்கு அடுத்து நிற்பதே அதற்கு அடையாளம். நடுவில் ஆள் நுழைந்தால் அடையாளம் கலைகிறது.

எனவே: “ஐ செக்டு தி கூட்ஸ் கேர்ஃபுலி.” “ஐ லைக் திஸ் கலர் வெரி மச்.” பேச்சில் இதைவிட இயல்பானது “ஐ ரியலி லைக் திஸ் கலர்.” “ஐ வெரி லைக்” என்று ஒன்று ஆங்கிலத்தில் இல்லவே இல்லை.

கடைசியில் இரண்டு மூன்று சேர்ந்தால் இடம் முதலில், நேரம் பிறகு. “நாளைக்குச் சென்னைக்குப் போறேன்” என்று நாம் நேரத்தை முன்னால் வைப்போம். அங்கே “ஐம் கோயிங் டு சென்னை டுமாரோ.”

## 10. குட்டிப் பதிலில் இடம் மாறும்

வகுப்பில் ஒருவர் நியாயமாகவே கேட்டார்: “ஹெல்பிங் வெர்புக்குப் பின்னாலதானுங்க சொன்னீங்க? அப்பறம் ஏனுங்க அந்த வெள்ளைக்காரர் ‘ஐ ஆல்வேஸ் ஆம்’னாரு?”

“ஆர் யூ ஃப்ரீ ஆன் சண்டேஸ்?” என்று கேட்டால் பதில் “ஐ யூஷுவலி ஆம்.” “டூ யூ செக் தி லேபிள்ஸ்?” என்றால் “வி ஆல்வேஸ் டூ.” முக்கியமான பகுதியை விட்டுவிட்டு ஹெல்பிங் வெர்பிலேயே பதில் முடியும்போது, அதன்மேல் குரல் விழ வேண்டும். அதனால் வினையடை முன்னால் ஒதுங்குகிறது. ஹெல்பிங் வெர்பை அழுத்தும் நேரத்தில் முழு வாக்கியத்திலும் இது நடக்கும்: “ஐ ரியலி *ஆம்* சாரி.”

கட்டளை வாக்கியத்தில் எழுவாயே இல்லாததால் வினையடைதான் முதல் சொல்: “ஆல்வேஸ் செக் தி லேபிள்.” “நெவர் ஓபன் திஸ் பேனல்.” ஆல்வேஸ் வாக்கியத் தொடக்கத்தில் வருவது ஏறக்குறைய இங்கே மட்டும்தான். யூஷுவலி, சம்டைம்ஸ் இரண்டும் எப்போது வேண்டுமானாலும் தொடக்கத்தில் வரலாம், அவற்றைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

கூடவே ஒரு சொல்லை மாற்றிக்கொள்ளுங்கள். “மோஸ்ட்லி ஹி வில் கம் டுமாரோ” என்று நாம் சொல்வது ‘அநேகமாக’ என்ற பொருளில். ஆங்கிலத்தில் மோஸ்ட்லி என்றால் பெரும்பகுதி. அநேகமாக என்பதற்கு ப்ராபப்லி: “ஹீல் ப்ராபப்லி கம் டுமாரோ.”

## 11. பழகும் முறை

முதல் மூன்று நாள் படி 1, 2 மட்டும். பழைய மெயில்களை எடுத்து முதல் ஹெல்பிங் வெர்பை வட்டமிடுங்கள், நாட் போட்டுப் பாருங்கள். திருத்த வேண்டாம். பலர் முதல் நாளே திருத்தத் தொடங்கி, இடம் தெரியாமல் ஊகத்தில் சொல்லை நகர்த்துகிறார்கள். ஊகம் பழக்கமாகிவிட்டால் பிறகு கழற்றுவது சிரமம்.

நான்காம் நாளிலிருந்து ஒரே வாக்கியத்தை எடுத்து அதில் சொல்லை மட்டும் மாற்றிப் போன் ஒலிப்பதிவில் சொல்லுங்கள். “ஐவ் ஆல்ரெடி ஸீன் இட், ஐவ் ஜஸ்ட் ஸீன் இட், ஐவ் நெவர் ஸீன் இட், ஐவ் ஒன்லி ஸீன் இட் ஒன்ஸ்.” பத்து வாக்கியத்தை ஒருமுறை சொல்வதைவிட ஒரு வாக்கியத்தைப் பத்து முறை சொல்வது நாற்காலியின் இடத்தை நாக்குக்குக் காட்டும். அவிநாசியிலிருந்து டவுன் பஸ்ஸில் வரும் ஒருவர் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு யாரோடோ போனில் பேசுகிற மாதிரி இதைச் சொல்லிக்கொண்டே வருவார். பக்கத்து சீட்டுக்காரர் ஒன்றும் நினைப்பதில்லையாம்.

பதிவைத் திரும்பக் கேட்கும்போது ஒன்றை மட்டும் தேடுங்கள்: அந்த ‘வ்’, ‘ஸ்’, ‘ல்’ ஒலி இருக்கிறதா? இருந்தால் வினையடை தானாகவே அதற்குப் பின்னால் போய் உட்கார்ந்திருக்கும். இல்லையென்றால் படி 4க்குத் திரும்புங்கள்.

இரண்டாம் வாரம் படி 8. காலையில் வீட்டில் நீங்கள் பேசிய தமிழிலிருந்து தான், கூட, உம் வந்த ஐந்து வாக்கியங்களைக் குறித்துக்கொண்டு மாலையில் ஆங்கிலமாக்குங்கள். “பால்காரர் இப்பத்தான் போனாரு.” “பையன் இன்னும் எந்திரிக்கலை.” “அம்மிணி சாப்பிடக்கூட இல்லை.” சொல்லுக்குச் சொல் மாற்றாதீர்கள். முதலில் யார், என்ன செய்தார் என்பதை மட்டும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, கடைசியாக வினையடையை நாற்காலியில் இறக்குங்கள். “தி மில்க்மேன்ஸ் லெஃப்ட்.” பிறகு “தி மில்க்மேன்ஸ் ஜஸ்ட் லெஃப்ட்.”

மற்ற இரண்டையும் நீங்களே செய்து பாருங்கள். மூன்றாவதில் நாட் எந்தப் பக்கம் என்பதைக் கவனியுங்கள்.